குளத்தின் கோடு: டிஜிட்டல் வரைபடத் தரவைக் கேட்பதும் கொடுப்பதும்

மார்ச் 2, வாசகர் கேள்வி

ஆறு, குளம், சாலை, ஊர் எல்லை எல்லாமே எங்கோ யாரோ ஒருவரிடம் டிஜிட்டலாக இருக்கிறது. கேட்டால் “பார்க்கலாம்” என்கிறார்கள், அதோடு சரி. நான் மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டியிருக்கிறது. நெல்லை அள்ளிக் கொடுத்தால் குதிர் குறையும், கோப்பைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் இருப்பதை அப்படியே இணையத்தில் ஏற்றிவிட வேண்டியதுதானே?

மார்ச் 2, இரவு 10.40

நான் உங்கள் பக்கம். பதினைந்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். யாரோ ஏற்கெனவே வரைந்து முடித்த கோட்டையே திரும்ப வரைந்ததில் அதில் பாதி போய்விட்டது.

லேண்ட்சாட் என்ற, பூமியைப் படமெடுக்கும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையின் கதை ஒன்று போதும் உங்கள் வாதத்துக்கு. அந்த வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972-இல் போனது. அன்றிலிருந்து பூமியின் படம் குவிந்துகொண்டே வந்தது. ஆனால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சுமார் 185 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு காட்சி, அதாவது ஒரு படம், ஒரு காலத்தில் 4,000 டாலருக்கும் மேல் விற்றது, பிறகு 600 டாலருக்கு வந்தது. மிக அதிகமாக விற்ற 2001-இல்கூட வருஷம் முழுக்கச் சுமார் 25,000 காட்சிகள்தான் போயின. 2008-இல் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். திறந்த பிறகு ஒரே ஆண்டில் இறக்கிக்கொண்டவை பத்து லட்சத்தைத் தாண்டின. அத்தனை பேரும் அதற்கு முன்பும் இருந்தவர்கள்தான். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதால் யார் கணக்கிலும் வரவில்லை.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. காசு கொடுத்து வாங்கிய காலத்தில் மேகமே இல்லாத ஒரு படத்தைத் தேடிப் பிடித்து, அதை வைத்தே ஆய்வை முடிப்போம். இலவசமான பிறகு இருக்கிற எல்லாப் படங்களையும் அடுக்கி, ஒவ்வொன்றிலும் மேகம் மறைக்காத பிக்சல்களை மட்டும் பொறுக்கி எடுக்க முடிந்தது. 2013-இல் உலகம் முழுவதற்குமான காடு மாற்ற வரைபடம் ஒன்று வந்தது. அதற்கு எடுத்துக்கொண்ட காட்சிகள் 6,54,178. காட்சிக்கு 600 டாலர் என்று வைத்தால் 39 கோடி டாலர் ஆகிறது. யாரும் செலவழித்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு கேள்வி யார் மனதிலும் எழுந்தே இருக்காது.

ஆகவே ஆம், ஏற்றட்டும், எல்லோரும் ஏற்றட்டும்.

மார்ச் 3

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 2008-இல் ஒரே நாளில் கதவு திறந்த மாதிரி எழுதிவிட்டேன். 2008-இல் அறிவித்து, 2009 தொடக்கத்துக்குள் படிப்படியாகத்தான் முழுக் காப்பகமும் திறந்தது.

மார்ச் 5

“அப்படியே” என்ற சொல் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றி என் கையால் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஓர் ஆற்று வடிநிலத்தின் குளங்களையெல்லாம் வரைந்து வைத்திருந்தேன். ஓர் ஆய்வு மாணவி கேட்டார். கேட்ட அன்றைக்கே அனுப்பினேன், பெருமையாகவும் இருந்தது. ஷேப்ஃபைல்தான், வரைபடக் கோடுகளைச் சேமிக்கும் ஒரு கோப்பு வடிவம். எஸ்ஹெச்பி என்று முடியும் கோப்பை மட்டும் இணைத்து அனுப்பினேன். ஷேப்ஃபைல் என்று ஒருமையில் சொன்னாலும் அது ஒரு கோப்பு இல்லை. வடிவம் ஒன்றில், அதன் சுட்டு வரிசை இன்னொன்றில், அட்டவணை டிபிஎஃப் கோப்பில், எந்தத் தளத்தில் அளந்தது என்பது பிஆர்ஜே கோப்பில். எதை விட்டாலும் நொண்டும். அவர் திரும்பக் கேட்டார், மீதியையும் அனுப்பினேன். பிஆர்ஜே கோப்பு என்னிடமே இல்லை. என் கணினியில் எப்போதும் ஒரே அமைப்பு என்பதால் அது இல்லாதது எனக்குத் தெரியவே இல்லை.

அவர் ஒரு படம் அனுப்பினார். செயற்கைக்கோள் படத்தின் மேல் என் குளங்கள் கிடந்தன. ஒவ்வொரு குளமும் கரையைத் தாண்டி, மேட்டின் சரிவில் ஏறி நின்றது. எல்லாம் ஒரே திசையில், ஒரே தூரம். உண்மையான குளத்தின் நீலம் கீழே தனியாக, என் கோடு மேலே தனியாக. இந்த வேலை செய்பவர்களுக்கு அந்தக் காட்சியைப் பார்த்ததும் வயிறு கலங்கும். அது டேட்டம் பிழை. டேட்டம் என்றால் அளப்பதற்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளும் தளம். பூமியின் வடிவத்தை ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விதமாக வைத்துக்கொண்டு அளந்திருக்கிறார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் ஒன்றாகவே இருந்தாலும் தளம் மாறினால் இடம் மாறிவிடும். ஜப்பான் 2002-இல் பழைய தளத்திலிருந்து உலகத் தளத்துக்கு மாறியபோது டோக்கியோ பகுதியில் வித்தியாசம் 400 மீட்டருக்கும் மேல். ஆஸ்திரேலியாவில் நிலமே வருஷத்துக்கு ஏழு சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறது. 1994-இன் தளத்தை 2020-இன் தளமாக மாற்றியபோது எல்லா எண்களும் 1.8 மீட்டர் நகர்ந்தன.

மாணவி மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டார். ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அந்த மூன்று வாரமும் அவருக்கு மிஞ்சியிருக்கும். இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அவர் வேறு வழி பார்த்திருப்பார். கொடுத்ததால் வந்த நஷ்டம் அது.

மார்ச் 5, சற்றுப் பிறகு

தமிழில் வேலை செய்பவர்களுக்காக மட்டும் இன்னொன்று. ஷேப்ஃபைல் அட்டவணையில் பத்தியின் (செங்குத்து வரிசையின்) பெயருக்குப் பத்து பைட் இடம்தான். யுடிஎஃப்-8 என்ற யுனிகோடு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். “குளத்தின் பெயர்” என்று தலைப்பு வைத்தால் ககரம், உகரக் குறி, ளகரம் என்று ஒன்பது பைட்டில் “குள” வரைக்கும் நிற்கும், மீதி வெட்டுப்படும். “குளத்தின் பரப்பு” என்ற பத்தியும் “குள” ஆகிவிடும். எது பெயர், எது பரப்பு என்று உள்ளே திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே போகும் சொற்களுக்கும் 254 பைட்தான் எல்லை, அதாவது 84 குறியீடு. எந்த எழுத்துக் குறிமுறை என்று சொல்லும் சிபிஜி கோப்பு உடன் போகாவிட்டால் எல்லா ஊர்ப் பெயரும் கேள்விக்குறியாகப் போய் நிற்கும். ஊர்ப் பெயர் சேகரிப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. ஒவ்வொன்றும் ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியது. அது கேள்விக்குறியாகக் கிடப்பதைப் பார்க்க மனசு தாங்காது.

மார்ச் 6

ஜியோபேக்கேஜ் என்ற வேறு கோப்பு வடிவத்துக்கு மாறிவிடுங்கள் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். சரிதான். எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும், பெயரும் வெட்டுப்படாது. நானும் மாறிவிட்டேன்.

ஜியோஜேசன் என்ற இன்னொரு வடிவத்தைச் சொன்னவருக்கு: நல்லதுதான், ஆனால் அதில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. 2016-இன் தர ஆவணம் அப்படித்தான் வரையறுக்கிறது. நாம் வாயால் சொல்லும்போது அட்சம்தான் முதலில் வரும். அட்சம் 10, தீர்க்கம் 78 என்று இருப்பதை மாற்றிப் போட்டால் புள்ளி ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டுக்கு அருகே போய் விழும். எண்ணே இல்லாத வரிகளைப் பூஜ்யம், பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள்களும் உண்டு. அவை ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் குவியும். ஒரு லேயரை, அதாவது ஒரு வரைபட அடுக்கை, திறந்ததும் நான் முதலில் எட்டிப் பார்ப்பது அந்தக் கடலைத்தான்.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: “பிழை இருந்தால் இருக்கட்டும், பயன்படுத்துபவர் திருத்திக்கொள்வார். முதலில் வெளியே வரட்டும்.”

நான் இரண்டு வருஷம் முன்பு வரை இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தவன். இப்போது சொல்ல வாய் வரவில்லை. சாண்டி தீவு என்று ஒன்று. ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவே, ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளத்துக்கு வரைபடங்களில் இருந்தது. 2012 நவம்பரில் சதர்ன் சர்வேயர் என்ற ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் அந்த இடத்துக்கே போனது. தீவு இல்லை. ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள கடல்தான் இருந்தது. 1876-இல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் அங்கே ஏதோ கண்டதாகச் சொன்னது கடல் வரைபடத்தில் ஏறியது. காகித வரைபடங்களிலிருந்து கரைக்கோடுகளை டிஜிட்டலாக மாற்றியபோது உலகக் கரைக்கோட்டுத் தரவிலும் ஏறியது. அந்தத் தரவை எடுத்தவர்கள், அவர்களிடமிருந்து எடுத்தவர்கள், இணைய வரைபடங்கள் என்று எல்லோரிடமும் அந்தத் தீவு போய்ச் சேர்ந்தது. பார்த்தவர் ஒருவர்கூட இல்லை, எல்லோரிடமும் அதன் கோடு இருந்தது.

நகல் எடுத்தால் குறையாது என்றீர்களே, பிழைக்கும் அதே கதைதான். பத்து இடத்தில் ஒரே தீவு இருந்தால், பத்துப் பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னதாகத் தோன்றும். ஒருவரிடமிருந்து பத்துப் பேர் எடுத்தது என்பது கோப்பில் எழுதியிருந்தால்தான் தெரியும்.

மார்ச் 10

“எழுதியிருந்தால்” என்றால் என்ன எழுத வேண்டும் என்று கேட்டவருக்கு, ஒரு கிணறு லேயரைச் சொல்கிறேன். எங்களுக்குக் கிடைத்தது, நல்ல தரவு, ஒவ்வொரு கிணற்றின் ஆழமும் இருந்தது. களத்துக்குப் போனால் புள்ளி காட்டும் இடத்தில் கிணறு இல்லை. எழுபது மீட்டர் தள்ளி ஒன்று, தொண்ணூறு மீட்டர் தள்ளி எதிர்த் திசையில் ஒன்று. டேட்டம் பிழை என்றால் எல்லாம் ஒரே பக்கம் நகர்ந்திருக்கும், இது ஆளுக்கொரு திசை. வெகு நாள் கழித்துத்தான் அந்தப் புள்ளிகள் 1999-இல் எடுத்தவை என்று தெரிந்தது. 2000 மே மாதத் தொடக்கம் வரை ஜிபிஎஸ் சமிக்ஞையில் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழை கலந்துதான் விட்டார்கள், நூறு மீட்டர் வரைக்கும் தப்பும். எடுத்தவர் மேல் ஒரு குறையும் இல்லை. ஆண்டு என்ற நான்கு இலக்கம் மட்டும் இருந்திருந்தால் முதல் நாளே புரிந்திருக்கும்.

ஆண்டு, எடுத்த கருவி அல்லது மூல வரைபடத்தின் அளவு (1:50,000 போன்ற விகிதம்), டேட்டம், எடுத்தவரைக் கேட்க ஒரு முகவரி. நாலு வரி. அது போகாத கோப்பைப் பாதிக் கோப்பு என்றுதான் இப்போது சொல்கிறேன்.

மார்ச் 11

மூல வரைபடத்தின் அளவு எதற்கு என்று ஒரு கேள்வி. திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், அதுதான் ஆபத்து. 1:50,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு நிலத்தில் 25 மீட்டர். அந்தக் கோட்டை டிஜிட்டலாக்கிக் கொடுத்தால் திரையில் மயிரிழை மாதிரி தெரியும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மயிரிழைதான். அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் இரண்டு பேர், வேலித் தகராறு. ஒருவர் நான் பகிர்ந்த எல்லை லேயரைப் பெரிதாக்கி அச்செடுத்து வந்து “இதோ, உங்கள் கோடே சொல்கிறது” என்றார். அவர்கள் சண்டை நான்கு மீட்டருக்கு. என் கோட்டின் தடிமனே 25 மீட்டர். அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு பகல் பிடித்தது, ஒருவருக்குப் புரிந்தது, இன்னொருவர் கோபத்தோடுதான் போனார்.

அன்றைக்குத் தோன்றியது: கேட்பவரும் ஏன் கேட்கிறார் என்று சொல்ல வேண்டும். “எல்லைத் தரவு வேண்டும்” என்று அவர் கேட்டார், கொடுத்தேன். வேலிக்கு என்று சொல்லியிருந்தால் “இது அதற்கு உதவாது, அளவையாளரைக் கூப்பிடுங்கள்” என்று அப்போதே சொல்லியிருப்பேன்.

மார்ச் 14

உரிமம் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். உப்புச்சப்பில்லாத விஷயம்தான், ஆனால் என் இரண்டு மாத உழைப்பைத் தின்றது.

நான்கு பேர் சேர்ந்து ஒரு மலைப்பகுதியின் பாதைகளை வரைந்தோம். திரையில் ஒரு நிறுவனத்தின் செயற்கைக்கோள் படம் பின்னணியாக ஓடியது. தெளிவான படம். ஒற்றையடிப் பாதைகூடத் தெரியும். முடித்து, ஒரு திறந்த வரைபடத்தில் சேர்க்கப் போனபோது ஒரு தன்னார்வலர் பொறுமையாகக் கேட்டார்: “எதன் மேல் வரைந்தீர்கள்?” சொன்னோம். அந்தப் படத்தின் நிபந்தனைகளில், அதைப் பார்த்து வரைந்து வேறு தரவாக்கக் கூடாது என்று இருந்தது. எங்கள் கண், எங்கள் கை, எங்கள் தூக்கம், ஆனால் கோடு எங்களுடையது இல்லை. அத்தனையையும் அழித்தோம். பிறகு அனுமதி உள்ள ஒரு படத்தில் மறுபடி வரைந்தோம். அது மங்கல், பாதி பாதைக்கு நேரில் நடந்து ஜிபிஎஸ் தடம் எடுக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தத் தன்னார்வலர் கேட்டதுதான் சரி என்று தோன்றுகிறது. யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. பிரிட்டனில் அரசு அளவைத் தரவு காசுக்கும் நிபந்தனைக்கும் உட்பட்டிருந்ததால்தான் அப்படி ஒன்றுக்கான தேவையே வந்தது. அதே அரசு 2010 ஏப்ரலில் தன் தரவில் ஒரு பகுதியை இலவசமாகத் திறந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012-இல் பழைய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலிருந்து தரவுத்தளத்துக்கென்றே எழுதிய ஓடிபிஎல் உரிமத்துக்கு மாறியபோது, சம்மதிக்காதவர்கள் வரைந்ததை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வரைந்தவருக்கு வலிக்கும், பார்ப்பவருக்கும் ஓட்டை தெரியும். ஆனாலும் எடுத்தார்கள். அதனால்தான் இன்றைக்கு நான் அதை எடுத்து யாருக்கும் பயமில்லாமல் கொடுக்க முடிகிறது.

“உரிமம் எதுவும் போடவில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்” என்று நினைத்துக் கோப்பை மட்டும் ஏற்றுபவர்கள் கவனிக்கவும். உரிமம் எழுதாவிட்டால் கவனமாக இருப்பவர் யாரும் தொட மாட்டார்கள். பெரும்பாலான நாடுகளில் எழுதாதது தடை என்றுதான் பொருள்படும். ஒரே ஒரு வரி போடுங்கள், புண்ணியமாகப் போகும்.

மார்ச் 16

“இத்தனை நிபந்தனை பார்த்துக்கொண்டிருந்தால் அவசரத்துக்கு யார் கொடுப்பார்?” என்ற கேள்வி நியாயமானது. 2010 ஜனவரி 12-இல் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது தலைநகர் போர்ட்டோ பிரின்ஸுக்கு விவரமான டிஜிட்டல் வரைபடமே கிடையாது. செயற்கைக்கோள் படம் வைத்திருந்தவர்கள் அதைத் திறந்துவிட்டார்கள். அதைப் பார்த்து உலகத்தின் பல மூலைகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து வரைந்தார்கள். சில நாட்களுக்குள் தெருக்கள், இடிந்த கட்டடங்கள், முகாம்கள் எல்லாம் வரைபடத்தில் வந்துவிட்டன. மீட்புக் குழுக்கள் அதைக் கையடக்க ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு போயின.

அது ஏன் நடந்தது என்று யோசித்தால், எதற்கு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கொடுப்பவருக்கு, வரைபவருக்கு, எடுத்துப் போகிறவருக்கு. எந்தத் தேதிப் படம், எந்தக் கட்டடத்தை எப்படிக் குறிப்பது என்று மணிக்கணக்கில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அவசரத்திலும் அந்த நாலு வரி இருந்தது.

மார்ச் 21

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

அரிய தாவரம் ஒன்று, பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு சரிவில் பதினோரு செடிகள். நண்பர்கள் தேடிப் பிடித்தார்கள், நான் புள்ளி எடுத்தேன், மற்ற தாவரங்களோடு சேர்த்து ஒரு லேயராக ஏற்றினேன். நாலு வரியும் எழுதினேன், உரிமமும் போட்டேன். எல்லாம் முறைப்படி செய்தேன் என்று நினைத்தேன். ஆயத்தொலைவு ஆறு தசம இடம். ஆறு தசமம் என்றால் நிலத்தில் பதினோரு சென்டிமீட்டர். கையடக்கக் கருவிக்கு அத்தனை துல்லியம் கிடையாது, ஆனாலும் செடியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அடுத்த பருவத்தில் போனோம். பதினோரு குழி. ஓரம் சீராக வெட்டி, வேரோடு மண்ணோடு எடுத்த குழி. ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கி, தவளைக் குஞ்சுகள் இருந்தன. யாரும் ஒன்றும் பேசவில்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியாது. என் கோப்பைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்பதற்கும் சாட்சி கிடையாது. ஆனால் அந்தச் சரிவுக்குப் பாதையே இல்லை. எண் இல்லாமல் அங்கே யாரும் போக முடியாது என்பது எனக்குத் தெரியும்.

தசமத்தைக் குறைத்தால் போதும் என்று இப்போது தெரிகிறது. இரண்டு தசமம் என்றால் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும். ஒரே தசமம் என்றால் பதினோரு கிலோமீட்டர். இந்த இனம் இந்தப் பகுதியில் இருக்கிறது என்று ஆய்வாளருக்குச் சொல்ல அது போதும், மண்வெட்டியோடு வருபவருக்குப் போதாது. உயிரினத் தரவுகளைப் பகிர்பவர்களிடையே இது பழைய வழக்கம்தான். நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

மனிதர்களுக்கும் இதேதான். 2018 ஜனவரியில் ஓட்டப் பயிற்சிச் செயலி ஒன்றின் வெப்ப வரைபடத்தை, அதாவது அதிகம் ஓடிய தடங்கள் பளிச்சென்று தெரியும் படத்தை, பார்த்து ராணுவ முகாம்களின் சுற்றுச்சுவரை அடையாளம் கண்டுவிட்டார்கள். பெயர் ஒன்றும் இல்லை, எல்லோருடைய தடமும் கலந்த கூட்டுத் தரவு. பாலைவனத்தின் நடுவே ஓடுவதற்கு வேறு யாரும் இல்லை என்பதே காட்டிக்கொடுத்துவிட்டது.

மார்ச் 22

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், “அப்படியானால் கேட்பவரிடம் காரணம் எழுதி வாங்கிப் பரிசீலித்துக் கொடுப்பதே சரி” என்கிறார். மார்ச் 11-இல் நான் எழுதியது அந்த மாதிரி படிக்கப்படுகிறது என்று புரிகிறது. அதைத் திருத்திக்கொள்கிறேன்.

காரணம் கேட்பது வாசலில் நிறுத்தி விசாரிப்பதற்காக இல்லை. மண்வெட்டிக்காரரும் “ஆராய்ச்சி” என்றுதான் எழுதித் தருவார். விசாரணை வைத்தால் மாட்டிக்கொண்டு அலைவது மாணவிதான், அவர் அல்ல. ஆபத்தான தரவு என்றால் தசமத்தைக் குறைத்து எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும். ஆபத்தில்லாத தரவு என்றால் யாரையும் ஒன்றும் கேட்காமல் கொடுக்க வேண்டும். எதற்கு என்று கேட்பவர் சொன்னால், இது உதவுமா, இதைவிட நல்லது வேறெங்கே இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒரு வழி கிடைக்கும். அவ்வளவுதான். சொல்லாவிட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும்.

மார்ச் 30

திருத்தம் திரும்பி வருவது பற்றி. சாண்டி தீவு பற்றி எழுதியதிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான்.

ஒரு அலுவலகம் நீர்நிலைத் தரவை இலவசமாக வெளியிட்டது. மகிழ்ச்சியாக எடுத்தோம். களத்தில் சரிபார்த்ததில் நாற்பத்தாறு இடத்தில் பிழை. தூர்ந்துபோன குளம் இருப்பதாகவும், இருக்கும் குளம் இல்லாததாகவும், இரண்டு குளத்தின் பெயர் மாறியும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் படம், தேதி, ஆயத்தொலைவு வைத்து அட்டவணை தயாரித்தோம். யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. பொது முகவரி ஒன்று இருந்தது, அனுப்பினோம். பதில் இல்லை. நினைவூட்டினோம். அடுத்த பதிப்பு வந்தது, அதே நாற்பத்தாறு பிழைகளும் அப்படியே இருந்தன. இப்போது எங்களிடம் ஒரு திருத்திய நகல், அவர்களிடம் ஒரு திருத்தாத மூலம். எங்களைப் போல இன்னும் எத்தனை குழு தனித்தனியாகத் திருத்தி வைத்திருக்கிறதோ. யாருடையதும் யாருடையதோடும் சேராது.

இத்தனைக்கும் அந்த அலுவலகத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. உள்ளே வேலை செய்தவர் ஒருவரோடு பிறகு பேசினேன். வெளியிடுவதற்கு உத்தரவு இருந்தது, திருத்தத்தை வாங்கிக்கொள்வதற்கு ஆள் ஒதுக்கவில்லை. திருத்தம் வந்தால் யார் சரிபார்ப்பது, தப்பான திருத்தத்தை ஏற்றால் யார் பொறுப்பு என்று அவருக்கும் தெரியவில்லை. எங்கள் மின்னஞ்சலைப் படித்திருக்கிறார். அச்செடுத்து வைத்திருக்கிறார்.

திறந்து வைப்பது என்றால் வெளியே போகும் வாசல் மட்டும் என்று நாம் எல்லோரும் பழகிவிட்டோம், முதல் நாள் நான் எழுதியதும் அப்படித்தான். செயற்கைக்கோள் படத்துக்கு அது போதும். கேமரா பார்த்ததைக் கொடுத்தது, திருத்த அதிகம் இல்லை. குளம், பாதை, பெயர் என்று வந்தால் அங்கே இருப்பவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். அவர்கள் சொல்வது மூலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார், எப்போது, எதைப் பார்த்து மாற்றினார் என்ற வரலாறு இருக்கிறது, கணக்கு இல்லாதவர்கூடக் குறிப்பு ஒன்றை அந்த இடத்தில் விட்டுப் போகலாம். அந்தச் சின்ன வசதிக்காகவே எனக்கு அதன் மேல் மரியாதை.

ஏப்ரல் 12

இவ்வளவு எழுதிவிட்டு என் குளம் லேயரைப் பூட்டி வைத்திருப்பது சரியில்லை. மாணவிக்குக் கொடுத்த அதே லேயர், டேட்டம் சரிசெய்தது. நேற்று ஏற்றிவிட்டேன். மொத்தம் 318 குளம். ஜியோபேக்கேஜ் வடிவம், உரிமம் போட்டிருக்கிறது. உடன் ஒரு உரைக் கோப்பு: எந்த ஆண்டுப் படம், எந்த அளவில் வரைந்தது, எந்தக் குளங்களை நேரில் பார்த்தேன், எவற்றைத் திரையில் மட்டும் பார்த்தேன். நேரில் பார்க்காதவை 94, அந்தப் பத்தியில் “இல்லை” என்றே எழுதியிருக்கிறேன். வேலிக்கு உதவாது என்றும் ஒரு வரி உண்டு. கீழே என் முகவரி.

கேள்வி கேட்டவரே, முதலில் நீங்கள் எடுங்கள்.

ஏப்ரல் 19

அவர் எடுத்தார். நேற்று இரவு எழுதினார். 143-ஆம் எண் குளம் ஒரே குளம் இல்லையாம். நடுவே ஒரு கரை இருக்கிறது, இரண்டு பெயர், இரண்டு மதகு. தண்ணீர் நிறைந்த மாதப் படத்தில் கரை மூழ்கியிருந்ததால் நான் ஒன்றாக வரைந்திருக்கிறேன். கரையின் மேல் நின்று எடுத்த புகைப்படமும் அனுப்பியிருக்கிறார், இரண்டு பக்கமும் தண்ணீர் வெவ்வேறு மட்டத்தில் நிற்கிறது.

வறண்ட மாதப் படத்தை எடுத்துப் பார்த்தேன், கரை கோடு போட்டது போலத் தெரிகிறது. பிரித்துவிட்டேன். இப்போது 319 குளம். நேரில் பார்த்தவர் என்ற பத்தியில், அவர் சம்மதத்தோடு, அவர் பெயர். பதிப்பு இரண்டு என்று அதே இடத்தில் வைத்திருக்கிறேன். முதல் பதிப்பை இறக்கியவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.